தொண்ணூறு சதவீதம்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி,
அங்கேதான் எங்கள் அலுவலகம்.
திரையில் நான்கு பத்திகள்:
செய்ய வேண்டியது, நடக்கிறது, தடைபட்டது, முடிந்தது.
நாள் முழுக்க அட்டைகளை
இடமிருந்து வலமாக நகர்த்துவது என் உத்தியோகம்.
யாராவது கேட்டால்
"கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறாள்" என்பார் என் கணவர்.
பாதி உண்மை.

மழைநீர் வடிகால். செம்மண்டலத்திலிருந்து கெடிலம் வரை
ஆயிரத்து நானூற்றுப் பத்து மீட்டர்.
அறுபத்திரண்டு அட்டைகள்.
கெடு, ஐப்பசி பிறக்குமுன்.
மென்பொருளுக்கு ஐப்பசி தெரியாது,
அக்டோபர் பதினைந்து என்று போட்டேன்.

அட்டை நாற்பத்தேழு:
புளியமர முனை, நூற்றிருபது மீட்டர்.
அதில் தோண்டாத பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டுக்குள்
ஒரு டெலிபோன் கம்பம், ஒரு குடிநீர்க் குழாய்,
வடமலை வீட்டு மதில், அவருடைய எல்லைக் கல்.
பொறுப்பு: பொக்லைன் கோதண்டபாணி.

அவர் செயலியைத் திறந்ததே இல்லை.
கடவுச்சொல் கொடுத்தேன்.
தீப்பெட்டி மேல் எழுதிக்கொண்டார்.
தீப்பெட்டி தீர்ந்தது.
குரல் செய்திதான் அனுப்புவார், எஞ்சின் இரைச்சலோடு:
"மேடம், கொழாய்க்காரன் இன்னும் வரல.
நான் ஓரமா நிக்கிறன்."
நான் எழுதுவேன்:
"பிற துறை ஒப்புதல் நிலுவையில்."
என் வாக்கியத்தில் அவர் நிற்கவே இல்லை.

தொண்ணூறு சதவீதம்.
மூன்று வாரமாகத் தொண்ணூறு.
திங்கட்கிழமைக் கூட்டத்தில்
"இன்னும் பத்துதானே" என்பார் இன்ஜினியர் இருதயம்.
நானும் தலையாட்டுவேன்.
ஏசி அறையில் பத்து என்பது
எப்போதும் சின்ன எண்தான்.

மேலிடத்துக்கென்று தனியாக ஒரு பக்கம்,
வட்டமாக ஒரு படம்.
பச்சை பெருகிப் பெருகி
சிவப்பு ஒரு நகக்கீற்றாக மிஞ்சியிருந்தது.
பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைத்தார்கள்.
அழகாகத்தான் இருந்தது.

மழை ஒன்பதாம் தேதியே வந்தது.
இரவு பத்தே முக்கால்.
மேட்டிலிருந்து இறங்கிய நீர்
முடிந்த மீட்டர்களையெல்லாம் ஒரே ஓட்டமாகக் கடந்து
அந்தப் பன்னிரண்டில் முட்டி நின்றது.
நாங்கள் நன்றாகக் கட்டியிருந்ததால்
சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டது.

நான் போனபோது முழங்கால் அளவு.
தையல்கடைக்குள் மெஷின் மிதி மட்டும் தெரியவில்லை.
பொக்லைன் நுழைய வழியில்லை,
கோதண்டபாணி மண்வெட்டியோடு இறங்கியிருந்தார்.
வடமலை லுங்கியை மடித்துக் கட்டி
கடப்பாரையோடு வந்து
தன் எல்லைக் கல்லைத் தானே பெயர்த்தார்.
"நாளைக்கு வந்து சண்ட போடுவன். இப்ப தோண்டு."
நான் டார்ச் பிடித்தேன்.
பிடித்த கையிலேயே போன் அதிர்ந்தது:
நினைவூட்டல். அட்டை நாற்பத்தேழு.
இன்னும் ஆறு நாள் உள்ளது.

மூன்றரை மணிக்கு
ஒரு டீக்கடைக் காகிதக் கப் அசைந்தது.
சுற்றியது, தயங்கியது,
பிறகு வாய் கண்டுகொண்டு போயிற்று,
இடமிருந்து வலமாக.

காலையில் திரைமுன் உட்கார்ந்தேன்.
நீர் போகிறது. ஆனால் வெறும் மண் வெட்டு.
கான்கிரீட் இல்லை, அளவு இல்லை, பில் இல்லை.
எந்தப் பத்தியில் போட?
அட்டையை எலியால் பிடித்துத் தூக்கி
கொஞ்ச நேரம் நடுவிலேயே வைத்திருந்தேன்.
விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது.
தொண்ணூறு.

குரல் செய்தி. இந்த முறை இரைச்சல் இல்லை.
"மேடம், தண்ணி போயிடுச்சி.
என் செருப்பும் ஒண்ணு போயிடுச்சி. வலது கால்."

அட்டை அறுபத்து மூன்று:
செருப்பு, ஒரு ஜோடி, ஒன்பதாம் அளவு.
பொறுப்பு: நான்.
கெடு: இன்று.
தடை: இல்லை.